கல்கத்தாவில் வேர்விட்ட வேதியியல்

பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடேற்றாமல் குளிர்ந்த நிலையிலேயே விட்டுவைத்தால் மெர்குரஸ் நைட்ரேட் என்ற உப்பு கிடைக்கும். அதற்கு நிறம் கிடையாது. 1895-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இந்த உப்பைப் பெருமளவில் தயாரித்துக்கொண்டிருந்தார் பிரபுல்ல சந்திர ராய். பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ படிந்திருப்பதைக் கவனித்தார். வழக்கமாக உண்டாகும் காரத்தன்மையுள்ள உப்புதான் அது என்று வடிகட்டி எறிந்திருக்கலாம். ஆனால் அவர் அதைப் பிரித்தெடுத்துப் பகுத்தாய்ந்தார். அது நைட்ரேட் அல்ல, நைட்ரைட் என்று தெரிந்தது.

நைட்ரேட்டுக்கும் நைட்ரைட்டுக்கும் ஓர் ஆக்சிஜன் அணுதான் வேறுபாடு. ஆனால் வேதியியலாளருக்கு அது பெரிய இடைவெளி. மெர்குரஸ் அயனியில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சற்றே இடம் கிடைத்தாலும் அது உலோகப் பாதரசமாகவும் மெர்குரிக் அயனியாகவும் பிரிந்துவிடப் பார்க்கும். நைட்ரைட்டோ அமிலத்தைக் கண்டாலே சிதைந்து பழுப்புப் புகையாகப் போகக்கூடியது. இப்படி நிலையற்ற இரண்டும் சேர்ந்து, அதுவும் அமிலக் கரைசலுக்குள்ளேயே, நிலையான படிகமாக உருவாகும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நைட்ரிக் அமிலத்தின் ஒரு பகுதியைப் பாதரசமே ஒடுக்கி நைட்ரஸ் அமிலமாக்குகிறது. அதிலிருந்து வரும் நைட்ரைட்டை மெர்குரஸ் அயனி உடனே பற்றிக்கொள்கிறது. வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் 1896-இல் ராய் இதை வெளியிட்டார். லண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' இதழ் அதைப் பற்றிக் குறிப்பு எழுதியது. அந்தப் படிகத்தின் உள்ளமைப்பைப் பின்னாளில் எக்ஸ்-கதிர் ஆய்வும் உறுதிசெய்தது.

ஒரு புதிய சேர்மத்தைக் கண்டுபிடிப்பது உலக வேதியியலில் அன்றாட நிகழ்ச்சி. இந்தச் சேர்மத்தின் சிறப்பு அது எங்கே, எப்போது கிடைத்தது என்பதில் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் தேர்வு நடத்தும் அலுவலகம் என்றே பொருள்பட்டிருந்த காலத்தில், வேதியியல் என்றால் வேறு நாட்டார் கண்டறிந்ததை இங்குள்ளவர் மனப்பாடம் செய்வது என்றிருந்த நாட்டில் அது கிடைத்தது. அங்கிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை உருவாகி வளர்ந்த கதை, ஒரு துறை எதனால் துறையாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தேர்வு மட்டும் நடத்திய பல்கலைக்கழகம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-இல் பிறந்தவை. மூன்றுக்கும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது ஆகிய மூன்றுதான் வேலை. கற்பிப்பதெல்லாம் கல்லூரிகளின் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு பேராசிரியரோ ஆய்வுக்கூடமோ கிடையாது.

அதற்கு முன்பே கல்கத்தாவில் வேதியியல் கற்பிக்கப்பட்டது உண்டு. 1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் புரூக் ஓஷானசி வேதியியல் பேராசிரியராக இருந்தார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே. மருந்து தயாரிப்பதற்கும் நஞ்சைக் கண்டறிவதற்கும் மருத்துவ மாணவருக்குத் தேவைப்பட்ட பாடம் அது. 1817-இல் தோன்றிய இந்துக் கல்லூரி 1855-இல் பிரசிடென்சி கல்லூரியாக மாறியது. அங்கே வேதியியல் கற்பித்த அலெக்சாண்டர் பெட்லர், வகுப்பில் சோதனைகளைச் செய்துகாட்டுவதில் கைதேர்ந்தவர். நாகப்பாம்பின் நஞ்சைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ராய், பெட்லரின் வகுப்புகளுக்காகவே பிரசிடென்சிக்கு வெளிமாணவராக வந்துபோனார். வேதியியல் அவரைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

ஆனால் அங்கே ஒரு குறை இருந்தது. ஆசிரியர் செய்துகாட்டுவார், மாணவர் பார்ப்பார். தன் கையால் செய்து, விடை தெரியாத ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டும் வாய்ப்பு மாணவருக்கு இல்லை. அதைத் தேடி ராய் கடல் கடக்க வேண்டியிருந்தது.

கீசனிலிருந்து எடின்பரோ, அங்கிருந்து கல்கத்தா

கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882-இல் ராய் எடின்பரோ சென்றார். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் லையன் பிளேஃபேர். பிளேஃபேர் ஜெர்மனியின் கீசன் நகரில் யுஸ்டஸ் ஃபான் லீபிக்கிடம் பயின்றவர். இந்த வரிசை முக்கியமானது. ஏனெனில் இன்று உலகெங்கும் நாம் காணும் பல்கலைக்கழக வேதியியல் துறையின் வடிவம் கீசனில்தான் உருப்பெற்றது.

லீபிக் 21 வயதில், 1824-இல், அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாணவர்களை ஆய்வு மேசைக்கு அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சிக்கலைக் கொடுத்து, அவர்களையே பகுத்தாயச் செய்தார். இது சாத்தியமானதற்கு அவர் 1831-இல் உருவாக்கிய ஒரு கண்ணாடிக் கருவியும் காரணம். முக்கோணமாக வளைத்த கண்ணாடிக் குழாயில் ஐந்து குமிழ்கள் இருக்கும். அவற்றில் பொட்டாஷ் கரைசலை நிரப்புவார்கள். ஆய்வுக்குரிய கரிமப் பொருளை எரித்தால் அதிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டைஆக்சைடாக வெளிவரும். குமிழ்களின் வழியே போகும்போது பொட்டாஷ் அதை உறிஞ்சிக்கொள்ளும். கருவியை முன்னும் பின்னும் எடைபோட்டால், கூடியிருக்கும் எடையிலிருந்து கார்பனின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். பெரும் வல்லுநர்களுக்கே கைவரக்கூடியதாக இருந்த பகுப்பாய்வு, பழகிய எந்த மாணவரும் செய்யக்கூடியதாக ஆனது. அப்படித்தான் ஆராய்ச்சி ஒரு குழுவின் வேலையாக மாறியது.

எடின்பரோவில் ராய் அந்த மரபுக்குள் நுழைந்தார். செம்பு, மெக்னீசியம் வகை உலோகங்களின் இரட்டை சல்ஃபேட்டுகளைப் பற்றி ஆய்வு செய்து 1887-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1888-இல் நாடு திரும்பினார். முனைவர் பட்டம் இருந்தும் ஏறக்குறைய ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நண்பர் ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். அரசுக் கல்விப் பணியின் மேல்தட்டு ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய்.

புகை சூழ்ந்த அறை

அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் காற்றோட்டமில்லாத பழைய கட்டடம். பல மாணவர்கள் ஒரே நேரத்தில் அமிலங்களைக் கொதிக்கவைக்கும்போது, மழைக்காலத்தில் வாயுக்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். கல்லூரி முதல்வர் டானியை நேரில் அழைத்துவந்து அந்த நிலையைக் காட்டினார் ராய். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் வரைபடங்களும் புதிய கட்டடத்துக்கு வழிகாட்டின. 1894-இல் புதிய ஆய்வுக்கூடம் திறந்தது. அடுத்த ஆண்டே அங்கே மஞ்சள் படிகம் கண்ணில் பட்டது.

இது தற்செயலாக நேர்ந்த பொருத்தமல்ல. வேதியியல் என்பது வாயு வெளியேறும் வழி, தண்ணீர்க் குழாய், துல்லியமான தராசு, தூய கரைப்பான் ஆகியவற்றோடு நடக்கும் அறிவியல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கூர்மையான மூளை மட்டும் பெரிதாகச் சாதித்துவிட முடியாது. கட்டடத்துக்காகப் போராடியதையும் ராயின் ஆராய்ச்சிப் பங்களிப்பாகவே எண்ண வேண்டும்.

அதே ஆண்டுகளில் அவர் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தார். 1892-இல் 91, அப்பர் சர்க்குலர் ரோட்டில் தம் வாடகை வீட்டிலேயே மருந்துப் பொருள்கள் தயாரிக்கத் தொடங்கினார். கையில் இருந்த முதலீடு சுமார் 700 ரூபாய். மருந்தாகப் பயன்பட்ட சோடியம் பாஸ்பேட் அன்று இறக்குமதிப் பொருள். அதன் மூலப்பொருளான கால்சியம் பாஸ்பேட் மாட்டெலும்பில் தாராளமாக உண்டு. இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டு மாடியில் உலர்த்தினார். எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, கந்தக அமிலத்தோடு சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம் விடுபடும். அதைச் சோடா உப்போடு சேர்த்தால் சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். மாடியில் காய்ந்த எலும்புகளின் நாற்றம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால் வேலையை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. அந்தச் சிறு முயற்சி 1901-இல் பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்ற வரையறுக்கப்பட்ட நிறுவனமானது. வேதியியல் படித்த இளைஞருக்கு அரசு வேலையைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையை மாற்றுவதே ராயின் நோக்கம். வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நடமாடிய இந்த அனுபவம், பின்னர் அவர் வளர்த்த துறையின் குணத்திலும் படிந்தது.

மாணவர் என்னும் சக ஆய்வாளர்

மெர்குரஸ் நைட்ரைட்டோடு ராய் நின்றுவிடவில்லை. வெள்ளி, கார உலோகங்கள், கரிம அம்மோனியம் சேர்மங்கள் என்று நைட்ரைட்டுகளை வரிசையாக ஆராய்ந்தார். அவற்றுள் அம்மோனியம் நைட்ரைட் மிகச் சிக்கலானது. அதைச் சூடாக்கினால் நைட்ரஜன் வாயுவாகவும் நீராகவும் பிரிந்துவிடும் என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே உண்டு. அது சிதையாமல் ஆவியாகுமா என்பதுதான் கேள்வி. ராயும் அவருடைய மாணவர்களும் காற்று நீக்கிய கலத்தில், குறைந்த அழுத்தத்தில் அதை மெல்லச் சூடாக்கினார்கள். ஆவியின் அடர்த்தியை அளந்தபோது, மூலக்கூறு உடையாமலே ஆவியாவது தெரிந்தது. 1912-இல் லண்டன் சென்றிருந்த ராய், அங்குள்ள கெமிக்கல் சொசைட்டியில் இதை வாசித்தார். மந்த வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சே அவரைப் பாராட்டினார். இந்த ஆய்வில் கைகோத்த இளைஞர்களில் ஒருவர் நீல்ரத்தன் தர்.

இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைப் பார்க்கலாம். 1896-இல் ராய் தனி ஆள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய கட்டுரைகளில் மாணவர் பெயர்கள் சேர்ந்து வருகின்றன. ஜிதேந்திரநாத் ரக்ஷித், ரசிக்லால் தத்தா, நீல்ரத்தன் தர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. மூத்த பேராசிரியரான பிறகும் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பதை ராய் விடவில்லை. இளம் மனத்தில் ஆர்வத்தை விதைக்க அதுவே ஏற்ற பருவம் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு விளைச்சல் கிடைத்தது. 1909-இல் பிரசிடென்சியில் சேர்ந்த மாணவர் குழுவில் சத்தியேந்திரநாத் போஸ், ஞான் சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, புலின் பிஹாரி சர்க்கார் ஆகியோர் இருந்தார்கள். இரண்டாண்டு கழித்து டாக்காவிலிருந்து மேக்நாத் சாஹாவும் வந்து சேர்ந்தார். ராயின் வேதியியல் வகுப்பில் அமர்ந்த சாஹா, 1920-இல் விண்மீன்களின் நிறமாலைக்கு விளக்கம் தந்தபோது, அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிவதை ஒரு வேதிவினையாகவே பாவித்தார். வேதிச் சமநிலைக்குரிய சமன்பாட்டைச் சூரிய வளிமண்டலத்துக்குப் பொருத்தினார். அந்தச் சமன்பாடு இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

வழக்கறிஞர்கள் கட்டிய அறிவியல் கல்லூரி

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆய்வுக்கூடம் நடத்தவும் வழிதிறந்தது. 1906-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான அசுதோஷ் முகர்ஜி அந்த வாசலை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டார். சட்டம் வழிவிட்டது, பணம் வரவில்லை. அரசின் உதவி போதாத நிலையில் இரண்டு வழக்கறிஞர்கள் முன்வந்தார்கள். தாரக்நாத் பாலித் 1912-இல் பணமும் நிலமுமாக ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ராஷ்பிஹாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் வழங்கினார். அந்தக் கொடையிலிருந்து உருவாகும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்று நிபந்தனையும் இருந்தது. ஐரோப்பியர் மட்டுமே உயரக்கூடிய கல்விப் பணி அமைப்புக்குச் சொன்ன நேரடியான மறுமொழி அது.

1914 மார்ச் 27-இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முகவரி: 92, அப்பர் சர்க்குலர் ரோடு. ராய் எலும்பு உலர்த்திய வீட்டுக்கு அடுத்த எண். இன்று அந்தச் சாலைக்கு ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. 1916-இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்ற ராய், பாலித் வேதியியல் பேராசிரியராக இங்கே வந்தார். பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு வேதியியல் துறை அப்போதுதான் முழு உருவம் பெற்றது.

அடுத்த ஆண்டு பாலித் இயற்பியல் பேராசிரியராக வந்தவர், அரசு நிதித்துறையில் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்த சி.வி.ராமன். இந்த ஏற்பாட்டால் வேதியியலுக்கும் பலன் கிட்டியது. ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் 1928-இல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பல்வேறு தூய திரவங்களில் ஒளியைச் செலுத்திக் கண்ட சிதறல் விளைவு, மூலக்கூறின் பிணைப்புகள் எப்படி அதிர்கின்றன என்பதைக் காட்டியது. விரைவிலேயே உலகெங்கும் வேதியியலாளர் கையாளும் கருவியாக அது ஆனது.

புதிய துறைக்கு வாய்த்த காலம் நல்ல காலமல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கருவிகளும் தூய வேதிப்பொருள்களும் அன்று பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே, குறிப்பாக ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்த வரத்து நின்றுபோனது. அதனால் கருவி அதிகம் கேட்காத கேள்விகளை நோக்கிச் சிலர் திரும்பினார்கள். அவர்களில் ஞான் சந்திர கோஷின் முயற்சி குறிப்பிடத்தக்கது.

உப்பை நீரில் கரைத்தால் அயனிகளாகப் பிரிகிறது என்று 1880-களில் அர்ரேனியஸ் சொல்லியிருந்தார். அசிட்டிக் அமிலம் போன்ற வலுவற்ற மின்பகுளிகளுக்கு அந்தக் கணக்கு அழகாகப் பொருந்தியது. சாதாரணச் சாப்பாட்டு உப்புக்கோ பொருந்தவேயில்லை. கரைசலின் செறிவு கூடக்கூட அதன் மின்கடத்தும் திறன் எதிர்பார்த்த வகையில் மாறவில்லை. 1918-இல் கோஷ் ஒரு விளக்கம் தந்தார். வலுவான உப்பு கரைசலில் முழுமையாகவே அயனிகளாகிவிடுகிறது. ஆனால் எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பால், படிகத்தில் இருந்தது போன்ற ஓர் ஒழுங்கைக் கரைசலுக்குள்ளும் அவை பேணுகின்றன. அந்த ஈர்ப்பை மீறும் ஆற்றலுள்ள அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன. 1923-இல் டெபையும் ஹுக்கெலும் கொண்டுவந்த கோட்பாடு கோஷின் படிக ஒழுங்கை ஏற்கவில்லை. ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் மின்னூட்டம் மேகம்போல் சூழ்ந்திருப்பதாக அது காட்டியது. ஆனாலும் வலுவான உப்பு முழுக்க அயனியாகிறது, அயனிகளின் மின் ஈர்ப்பைக் கணக்கிட்டால்தான் விடை கிடைக்கும் என்ற இரண்டு அடிப்படைகளும் நிலைத்தன. ஐரோப்பாவின் முதல்நிலை விஞ்ஞானிகள் எடுத்துப் பேசி மறுக்க வேண்டிய அளவுக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு கோட்பாடு வந்தது அந்தத் துறையின் வளர்ச்சிக்குச் சான்று.

கிளை பரப்பிய துறை

1919-இல் கோஷும் ஞானேந்திரநாத் முகர்ஜியும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியலாளர் டானனின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்கள். லாகூரிலிருந்து வந்திருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகரை அங்கே சந்தித்தார்கள். இந்திய வேதியியலாளருக்கென்று ஓர் அமைப்பும் ஆய்விதழும் வேண்டும் என்ற பேச்சு அவர்களுக்குள் எழுந்தது. 1924-இல் இந்திய வேதியியல் கழகம் பிறந்தபோது ராய் அதன் முதல் தலைவரானார். கழகம் அறிவியல் கல்லூரி வளாகத்திலேயே இயங்கியது. அதுவரை இந்தியரின் நல்ல கட்டுரைகள் லண்டனுக்கோ பெர்லினுக்கோ போய்ச் சேர வேண்டியிருந்தன.

மாணவர்கள் நாடெங்கும் பரவினார்கள். 1921-இல் டாக்காப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் வேதியியல் துறையைக் கட்டியெழுப்பச் சென்றவர் கோஷ். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநராகவும் இருந்தார். நீல்ரத்தன் தர் அலகாபாத்தில் மண்ணின் வேதியியலை ஆராய்ந்தார். கூழ்மங்களின் மின்னூட்டத்தை ஆராய்ந்த முகர்ஜி, களிமண்ணின் துகளும் கூழ்மமே என்ற வழியில் மண்ணறிவியலுக்கு வந்து, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். 1947-இல் நாடு பிரிந்தபோது ராய் பிறந்த குல்னாவும் கோஷ் வளர்த்த டாக்காத் துறையும் எல்லைக்கு அப்பால் போயின. வேதியியல் மரபு இரு நாடுகளுக்கும் பொதுவானது.

1921-இல் ராய்க்கு அறுபது வயது நிறைந்தது. அன்றுமுதல் தமக்குரிய பல்கலைக்கழகச் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். வேதியியல் ஆய்வுக்கு நாகார்ஜுனா பரிசு நிறுவப் பத்தாயிரம் ரூபாய் வழங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவர் அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். 1922-இல் வடக்கு வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது நிவாரணக் குழுவின் தலைமையகமாக அந்தக் கல்லூரியே ஆனது. துணி மூட்டைகளும் அரிசி மூட்டைகளும் ஆய்வு மேசைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. 1936-இல் பணி ஓய்வு பெற்ற பிறகும் அதே அறையில் வாழ்ந்து, 1944 ஜூன் 16-இல் அங்கேயே காலமானார்.

நிறுவனர் விலகிய பின்னும் துறை புதிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரியதரஞ்சன் ராய் அணைவுச் சேர்மங்களின் வேதியியலை அங்கே வளர்த்தவர். நடுவில் ஓர் உலோக அணுவும், அதை இரு கைகளாலும் பற்றும், ஈனிகள் எனப்படும் மூன்று மூலக்கூறுகளும் உள்ள சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று இறக்கைகள் கொண்ட மின்விசிறியைப்போல ஈனிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் சாய்ந்த வடிவம், வலப்பக்கம் சாய்ந்த வடிவம் என்று இரண்டு உண்டு. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஒரு வடிவத்தைத் தனியே பிரித்து வைத்தாலும், நாளடைவில் அது இரண்டும் கலந்த கலவையாகிவிடுகிறது. ஒரு பிணைப்பு அறுந்து மறுபடி சேர்வதால்தான் இப்படி ஆகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கோபால்ட்டின் பைகுவானைடுச் சேர்மத்தை ஆராய்ந்த பிரியதரஞ்சன் ராயும் என்.கே.தத்தும் 1943-இல் வேறொரு வழியை முன்வைத்தார்கள். எந்தப் பிணைப்பும் அறாமல், ஈனிகள் தம் இடத்திலேயே முறுக்கித் திரும்பி வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வங்கப் பஞ்சத்தின் ஆண்டில், இந்திய வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் கருத்து 'ராய்-தத் முறுக்கம்' என்ற பெயரில் உலகப் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது.

தாவரங்களோடு பேசிய ஆய்வுக்கூடம்

பிரபுல்ல சந்திர ராய் மறைந்த அதே 1944-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அசிமா முகர்ஜி என்ற இளம்பெண்ணுக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. திருமணத்துக்குப் பின் அசிமா சட்டர்ஜி என்று உலகம் அறிந்த அவர்தான் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். அமெரிக்காவிலும் சூரிச்சிலும் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பி, 1954-இல் அறிவியல் கல்லூரியில் ரீடராகச் சேர்ந்தார். 1962-இல் கைரா வேதியியல் பேராசிரியரானார். இருபதாண்டுக் காலம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவருடைய களம் மூலிகைகளில் உள்ள ஆல்கலாய்டுகள். ரத்த அழுத்தத்துக்கு மருந்தாகும் சர்ப்பகந்தா வகைத் தாவரங்களிலும், நித்தியகல்யாணி சார்ந்த குடும்பத் தாவரங்களிலும் உள்ள சிக்கலான நைட்ரஜன் சேர்மங்களைப் பிரித்து, அவற்றின் அணுக்கள் வெளியில் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்டறிந்தார். இந்த வேலையின் கடுமையை இன்று உணர்வது கடினம். ஒரு மூட்டை வேரை இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, படிப்படியாகப் பிரித்தால் முடிவில் கிடைப்பது சில மில்லிகிராம் படிகம். அதை உடைத்து, ஒவ்வொரு துண்டும் என்ன என்று அடையாளம் கண்டு, துண்டுகளை மனத்துக்குள் மறுபடி சேர்த்துத்தான் முழு மூலக்கூறின் வடிவத்தை அனுமானிக்க வேண்டும். கரைப்பானுக்கே தட்டுப்பாடு நிலவிய அந்த ஆண்டுகளில், நவீன நிறமாலைக் கருவிகளின் அளவீடு தேவைப்பட்டால் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆய்வு மருந்துவரை சென்றது. வலிப்பு நோய்க்கான 'ஆயுஷ்-56', ஆரைக்கீரையையும் சடாமாஞ்சியையும் அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் நான்கு இலைகளோடு தண்ணீரில் மிதக்கும் அதே ஆரைக்கீரைதான். மலேரியாவுக்கான கூட்டுமருந்து ஒன்றில் ஏழிலைப்பாலையின் பட்டை சேர்ந்தது. 1961-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை வென்ற முதல் பெண் அவர். லண்டனில் கோஷும் முகர்ஜியும் சந்தித்த அந்த லாகூர் இளைஞரின் பெயரால் அமைந்த விருது அது. 1975-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே.

ஓய்வுக்குப் பிறகும் அசிமா சட்டர்ஜி ஆய்வை நிறுத்தவில்லை. சத்யேஷ் சந்திர பக்ராஷியுடன் சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றிய ஆறு தொகுதிகள் கொண்ட பெருநூலைத் தொகுத்தார். ஒவ்வொரு தாவரத்துக்கும் அதன் வழக்குப் பெயர், மரபு மருத்துவத்தில் பயன்பாடு, அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மங்கள் என்று விவரங்களை அடுக்கிக்கொண்டே போகும் அந்தத் தொகுதிகள், 1990-களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. புதிதாக ஒரு மூலிகையை ஆராயத் தொடங்கும் மாணவர், அதில் ஏற்கெனவே எது தெரியும், எது இன்னும் தெரியாது என்பதை அவற்றைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம்.